சட்டம் படிக்கிற பிள்ளையும் டிரங்குப் பெட்டியும்

பொங்கல் விடுமுறைக்குச் சட்டக் கல்லூரியிலிருந்து பிள்ளை ஊருக்கு வந்து இறங்கினால், அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் ஆள் சேர்ந்துவிடும். நம் காலனிகளில் இது வழக்கம். முதலாம் ஆண்டுதான், இன்னும் ஒரு செமஸ்டர் தேர்வுகூட எழுதவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை. ‘‘பாப்பா, நீ வக்கீலுக்குத்தானே படிக்கிற, இது இன்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு’’ என்று பெரியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை நீட்டுவார். பக்கத்து வீட்டுத் தாத்தா டிரங்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே மடிப்பில் கிழிந்த பட்டா, கிஸ்தி கட்டிய ரசீது, ஜமாபந்தியில் கொடுத்த மனுவின் நகல், எப்போதோ வந்த சம்மன், யாரோ கைநாட்டு வாங்கிக்கொண்டு போன பத்திரத்தின் ஜெராக்ஸ்.

பிள்ளை விழிக்கும். ஒப்பந்தச் சட்டத்தில் அது முதலில் படித்த வழக்கு லண்டனில் நடந்தது. காய்ச்சல் வராமல் தடுக்கும் என்று சொல்லி ஒரு கம்பெனி புகை உருண்டை விற்றது. அதை வாங்கிப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரமும் செய்தது. கார்லில் என்ற அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, கம்பெனி பணம் தர மறுத்தது, வழக்கில் அம்மா ஜெயித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1892 டிசம்பரில். இந்தியாவில் சட்டம் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

அதே 1892-ல், செப்டம்பர் 30 அன்று, சென்னை மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை அது. நாம் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்வது அதைத்தான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதத்தின் வேர் அந்த ஆணையில் இருக்கலாம். ஆனால் புகை உருண்டை பாடத்தில் இருக்கிறது. சொத்துச் சட்ட வகுப்பில் பஞ்சமி நில ஆணையை உதாரணமாக வைத்து நடத்தும் ஒரு பாடப்புத்தகத்தை நாம் இதுவரை பார்த்ததில்லை.

புகை உருண்டை வழக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல பாடம்தான். நாம் சொல்ல வருவது வேறு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களோடு வேறு கேள்விகளும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன. அந்தக் கேள்விகளைச் சட்டக் கல்வி கேள்வியாக எடுத்துக்கொள்கிறதா, இல்லை ‘‘சிலபஸில் இல்லை, உட்கார்’’ என்கிறதா என்பதுதான் விஷயம்.

1891-ல் நடந்தவை

ஒரு தற்செயலை முதலில் பார்ப்போம். சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்ட ஆண்டு 1891. அம்பேத்கர் பிறந்ததும் 1891. நம் செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களுக்கு நிலமும் இல்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை என்று விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பியதும் அதே 1891. அந்த அறிக்கையின் பலன்தான் மறு ஆண்டு வந்த ஆணை. சட்டம் சொல்லிக் கொடுக்க ஒரு கட்டடம், சட்டத்தைத் திருத்தப் பிறந்த ஒரு குழந்தை, சட்டம் கைவிட்ட மக்களைப் பற்றி ஓர் அறிக்கை என மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அந்த அறிக்கையின் மக்கள் நுழைய வெகுகாலம் ஆனது.

ஒருவர் இருவராகத்தான் நுழைந்தார்கள். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த ஏ.வரதராஜன் 1980-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் அவர்தான். கல்லூரி தொடங்கி அப்போது 89 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு 2007-ல் கே.ஜி.பாலகிருஷ்ணனும் 2025-ல் பி.ஆர்.கவாயும் தலைமை நீதிபதி ஆனார்கள். இவை பெரிய செய்திகள். தலைப்புச் செய்தியாக வராத மாற்றம் கீழே மாவட்டங்களில் நடந்தது. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று தொடங்கி, 2002-ல் செங்கல்பட்டிலும் 2008-ல் வேலூரிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. 2017-ல் விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம். 2019-ல் சேலம், நாமக்கல், தேனி. 2022-ல் காரைக்குடி. காலையில் கஞ்சி குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் சட்டப் படிப்பு வந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் வந்தபோது அதில் சட்டப் படிப்பும் சேர்ந்திருந்தது.

கல்லூரிக்குள் நுழைந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சென்னைக் கல்லூரிக்கு 1990-ல் அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. 2008 நவம்பர் 12 அன்று அந்த வளாகத்தில் நடந்த மோதலைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. கல்லூரிப் பெயரில் அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சிட்ட சுவரொட்டியிலிருந்து புகைந்த சண்டை அது. வாசலில் போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. நீதிபதி பி.சண்முகம் ஆணையம் விசாரித்து, கல்லூரியை இடம் மாற்றலாம் என்றது. 2018-ல் திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும் நம் பக்கத்துப் புதுப்பாக்கத்துக்கும் கல்லூரி பிரிந்து போனது. உயர் நீதிமன்றத்தின் மடியிலேயே இருந்த கல்லூரி அது. வகுப்பு முடிந்ததும் நடந்து போய் வழக்கு விசாரணையைப் பார்க்க முடிந்தது, மாலையில் ஒரு சீனியரிடம் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழக முடிந்தது. அப்பா பெயரைச் சொல்லி அலுவலகம் தேட வழியில்லாத பிள்ளைக்கு அதுதான் படிக்கட்டு. சாதிச் சண்டைக்கு மருந்து என்று சொல்லி எடுத்த முடிவில் அந்தப் படிக்கட்டும் போய்விட்டது. இடமாற்றத்தை எதிர்த்து மாணவர்கள் போராடியதற்கு இதுவே காரணம்.

விற்கக் கூடாத நிலம்

சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 10-வது பிரிவு வகுப்பில் நடக்கும். ஒருவருக்குச் சொத்தைக் கொடுக்கும்போது, இதை நீ யாருக்கும் விற்கவே கூடாது என்று முழுத் தடை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. சொத்து கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். ஆசிரியர் இரண்டு உதாரணம் சொல்லி அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்.

காலனியிலிருந்து வந்த மாணவிக்கு இங்கே ஒரு முள் குத்தும். பஞ்சமி நிலத்தில் என்ன நிபந்தனை? முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ தானம் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் கொடுக்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 10-வது பிரிவுப்படி இந்த நிபந்தனையே செல்லாதா? நிலத்தை எழுதி வாங்கியவரின் வழக்கறிஞர் இதைத்தான் சொல்வாரோ?

இது நல்ல கேள்வி. பதிலும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1895-ல் வந்த அரசு மானியங்கள் சட்டம், அரசு கொடுத்த நிலத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பொருந்தாது, அரசு என்ன நிபந்தனை போட்டதோ அதுவே நிற்கும் என்றது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கொடுத்த நிலங்களுக்கும் இது பொருந்தும் என்றும் சொன்னது. நிபந்தனையை மீறி நடந்த விற்பனைகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு மாணவி எழுந்து கேட்டால் 10-வது பிரிவும் மானியச் சட்டமும் 1892 ஆணையும் ஒரே மணி நேரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு புரியும். யாரும் கேட்காவிட்டால் 10-வது பிரிவு இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே போய்விடும்.

இதில் ஆய்வுக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். இடம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதில் இன்று எந்த சர்வே எண் யார் கையில் இருக்கிறது என்பதை ஊர் ஊராகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய ‘அ’ பதிவேட்டையும், 1980-களில் நடந்த யூ.டி.ஆர். வேலைக்குப் பிறகு எழுதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிப்புப் பத்தியைப் படிக்க வேண்டும். முதலாவதில் ‘டி.சி.’ என்று இருந்து இரண்டாவதில் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையில்தான் ஒரு குடும்பத்தின் நிலம் காணாமல் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம். கிராமக் கணக்கைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும், எந்த வயல் யாருடையது என்று சொல்லக்கூடிய கிழவர்களோடு பேசும் பொறுமை வேண்டும். இரண்டும் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க 1994-ல் நடந்த போராட்டத்தையொட்டிப் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரை விட்டார்கள். அந்த மண்ணிலிருந்து சிறிது தூரத்தில்தான் புதுப்பாக்கம் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பிள்ளை காரணையைப் பற்றி வகுப்பில் கேள்விப்படாமலேயே ஐந்து வருடத்தை முடித்துவிட முடியும் என்றால், குறை பிள்ளையிடம் இல்லை.

அம்பேத்கர் 1935-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் ஆனார். மறு ஆண்டே சட்டக் கல்வியை எப்படிச் சீர்திருத்துவது என்று ஒரு கட்டுரை எழுதினார். பிரிவுகளை ஒப்பிக்கத் தெரிந்தால் மட்டும் ஒருவர் வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார் என்பது அவருடைய எண்ணம். அந்த நேரத்தில் அவரே ஒரு வழக்கில் எதிர்வாதியாகவும் இருந்தார். 1927-ல் மகாட் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்கு எதிராகச் சாதி இந்துக்கள் போட்ட வழக்கு அது. தீண்டத்தகாதவர்கள் அங்கே தண்ணீர் எடுக்காதது பழங்கால வழக்கம், வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு என்பது அவர்கள் வாதம். 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டது. சட்டவியல் வகுப்பில் ‘வழக்கம் எப்போது சட்டமாகும்’ என்ற பாடம் இன்றும் நடக்கிறது. தொன்மையாக இருக்க வேண்டும், தொடர்ந்து வர வேண்டும், நியாயமாக இருக்க வேண்டும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். கோயில் தெருவில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்ற ‘வழக்கத்தை’ நேரில் பார்த்தவர்களுக்கு, அந்த மூன்று வார்த்தைகளையும் சோதித்துப் பார்க்க மகாடைவிட நல்ல வழக்கு உண்டா?

‘டா’ என்ற ஓரெழுத்து

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்துப்படி ஒன்று ‘ஆர்’, இன்னொன்று ‘எஸ்’. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது ‘எஸ்’. அதே போன்ற இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் ‘ஆர்’. இரண்டாவதற்குச் சாதிப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 2015 திருத்தத்தில் வந்த பிரிப்பு இது.

காவல் நிலையத்தில் நடப்பது நமக்குத் தெரியும். ‘‘சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டினார்’’ என்று பொதுவாக ஒரு வரி எழுதுவார்கள். என்ன வார்த்தை என்று எழுத மாட்டார்கள். எழுதச் சொன்னால், அதையெல்லாம் எப்படியம்மா எழுதுவது என்பார்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். என்ன சாதிப் பெயர் சொன்னார், எந்த இடம், யார் கேட்டார்கள்? அங்கேயே வழக்கு பாதி சரிந்துவிடும்.

இன்னொரு பக்கம், 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்காரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதித்தாலே ‘ஆர்’ பிரிவு வந்துவிடாது, அந்த அவமதிப்பு சாதி அடையாளத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. சரி, அந்தப் பிணைப்பை எப்படிக் காட்டுவது?

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகளால் மட்டுமே செய்யக்கூடிய ஆய்வு ஒன்று காத்திருக்கிறது. ஊர்த் தெருவிலிருந்து வரும் எட்டு வயதுச் சிறுவன், காலனியில் இருக்கும் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி, கடைசியில் ஒரு ‘டா’ சேர்த்துக் கூப்பிடுகிறான். தன் தெருவில் அதே வயதுக்காரரை ‘தாத்தா’ என்கிறான். சாதிப் பெயர் எங்குமே வரவில்லை. ஆனால் கூடியிருக்கும் எல்லோருக்கும் அந்த ஓரெழுத்தில் சாதி கேட்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், ‘டா’ காணாமல் போய்விடும். கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாகிறது. அந்தப் பயணத்தில் எத்தனை ‘டா’க்கள் உதிர்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். டீக்கடையில், ரேஷன் கடையில், களத்துமேட்டில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஆறு மாதம் குறித்து வைத்தால், பிணைப்பை விளக்கும் ஆய்வேடு ஒன்று கிடைக்கும். இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பல, முன்னுரையில் வேதகாலத்தில் ஆரம்பித்து, நடுவில் பிரிவுகளை வரிசையாக எழுதி, முடிவில் ‘விழிப்புணர்வு வேண்டும்’ என்று முடிகின்றன. வழிகாட்டி கேட்கவில்லை, மாணவர் கேட்கவில்லை, டைப் அடிப்பவர் போன வருடத்துக் கோப்பைத் திறந்து பெயரை மாற்றித் தருகிறார். (இப்போது அந்த வேலையைக் கைப்பேசி செயலி செய்கிறது. அது இல்லாத வழக்கையும் இருப்பதாக எழுதித் தரும், எச்சரிக்கையாக இருங்கள்.)

ஒரு கட்டுரையால் என்ன ஆகும் என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒரு செய்தி. மகாராஷ்டிரத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தபோது, 1979-ல் உபேந்திர பக்ஷி, லொத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டம் 1983-ல் குற்றவியல் சட்டத்தையே திருத்தியது. அமெரிக்காவின் கறுப்பினச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரை, ஒரு பெண் கறுப்பினத்தவராகவும் பெண்ணாகவும் ஒரே நேரத்தில் படும் கொடுமையைச் சட்டம் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதால் இரண்டையும் தவறவிடுகிறது என்றது. 2021-ல் ஆந்திரத்தைச் சேர்ந்த பார்வையற்ற தலித் பெண் ஒருவரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதே சிந்தனையை எடுத்துப் பேசியது.

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பாலியல் குற்றத்துக்கான தண்டனை நிலைத்தது. வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. குற்றம் நடந்தது 2015 திருத்தத்துக்கு முன்பு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் செய்யப்பட்டது என்று அப்போது நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சியம் இல்லை. திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் சாதி ‘தெரிந்தே’ செய்திருந்தால் போதும். சிந்தனை நீதிமன்றம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, சாட்சியம் போய்ச் சேரவில்லை. அந்தச் சாட்சியத்தைச் சேர்க்க வேண்டியது காவல் நிலையத்தில், துணைக் கண்காணிப்பாளரின் விசாரணையில், சாதிச் சான்றிதழ் கோப்பில். அந்த இடங்களை அறிந்தவர்கள் ஆய்வு செய்யாமல் வேறு யார் செய்வது?

சிறைக் கையேடுகள் இன்னொரு உதாரணம். துப்புரவுக்கு இந்தச் சாதி, சமையலுக்குத் ‘தகுந்த’ சாதி என்று பல மாநிலங்களின் கையேடுகளில் அச்சிலேயே இருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா அவற்றைத் தேடிப் படித்து 2020-ல் எழுதினார், பிறகு வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்து, சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் வருகிறது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் முன்பே வழக்குத் தொடுத்திருந்தார். மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அரசின் பதிலை உயர் நீதிமன்றம் அப்போது ஏற்றுக்கொண்டது. அந்த நிலைப்பாட்டை ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

படித்து முடித்த பிறகு

கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, பட்டம் வாங்கிய பிறகு தொழிலில் நிற்க முடிகிறதா? அங்கேதான் பாதிப் பேர் கழன்றுபோகிறார்கள்.

பார் கவுன்சிலில் பதிவு செய்யும் கட்டணம் சில மாநிலங்களில் 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. இந்த இரண்டு எண்களைப் பிள்ளைகளைவிடப் பெற்றோர் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கம்மலை அடகு வைப்பது அவர்கள்தான்.

ஜூனியர் வழக்கறிஞருக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20 ஆயிரமும் மற்ற ஊர்களில் 15 ஆயிரமும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அது கைக்கு வருகிறதா என்று செங்கல்பட்டு கோர்ட் வாசலில் நிற்கும் எந்த ஜூனியரையும் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். இதற்கு மேல் 2025 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம். அனுபவம் இல்லாதவர் நீதிபதி ஆகக் கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்று ஆண்டுச் சோற்றுக்கு யார் வழி என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடை இல்லை. அப்பா வழக்கறிஞராக உள்ள வீட்டில் மூன்று ஆண்டு என்பது பயிற்சிக் காலம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டில் அது கடன். பெண் பிள்ளைகளுக்கு இதோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம். முன்பெல்லாம் தீர்ப்புத் தொகுப்புகள் சீனியரின் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும், அவர் மனது வைத்தால்தான் திறக்கும். இப்போது இந்தியன் கானூன் தளத்திலும், 2023 முதல் உச்ச நீதிமன்றத்தின் இலவசத் தொகுப்பிலும் தீர்ப்புகளைக் கைப்பேசியிலேயே படிக்கலாம். 2019 முதல் சில தீர்ப்புகள் தமிழிலும் வருகின்றன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கல்லைக் கடிப்பதுபோல் இருக்கும். இருந்தாலும் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே வசப்படும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். தாத்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, தெரியாது என்று திருப்பி அனுப்பாதீர்கள். தெரிந்ததுபோலவும் பேசாதீர்கள். எந்த ஊர், என்ன சர்வே எண், யார் பெயரில், எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, அந்த சர்வே எண்ணுக்கான யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகலும் பிந்தைய நகலும் வேண்டும் என்று தாலுகா அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், அந்த மேல்முறையீட்டை எழுதுவதும் படிப்புதான். பெட்டியை மூடித் தருவதற்கு முன்னால் ஒவ்வொரு காகிதத்தையும் விரித்து, இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண் எழுதியிருக்கும் மடிப்பில்தான் கிழிசல் அதிகமாக இருக்கும்.